பீலிக்குப் போன வீரன்

அத்தியாயம் ஐந்து

லயத்துக்குள் நுழைந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசுவதற்குள், ஜீப்பின் பின்சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள்.

ஆண்டி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"ஒரு சக்கரந்தானுங்க்கா. மீதியெல்லாம் நாம திரும்பிப் போறதுக்குன்னு விட்டு வெச்சிருக்காங்க. நல்ல மனசு."

பாலாமணி சிரிக்கவில்லை. தேயிலைச் சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் இரண்டு கதவுகள் அவள் கண்ணெதிரே சாத்தப்பட்டன. ஒரு நாய் குரைத்தது. அதை யாரும் அதட்டவில்லை.

பாலாமணி குன்னூரில் தனியாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துபவள். அதற்கு முன்னால் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், மனுப் போட்டவர்கள் சொல்வது நிஜமா என்று வீடுவீடாகப் போய் விசாரிக்கும் வேலை. ஆகவே மூடிய கதவுகள் அவளுக்குப் புதிதல்ல. ஆண்டி அவளுடைய உதவியாளன், ஓட்டுநர், வாயை மூடத் தெரியாதவன். அவர்களை இந்தக் கோத்தகிரிப் பக்கத்து லயத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது ஒரே ஒரு சொல்.

முத்துராஜ் என்பவர் குன்னூரில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்து, 'நீலமுடி' என்ற இணைய விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தார். ஆளாளுக்கு ஒரு வீரனாகவோ மந்திரக்காரியாகவோ மாறி, மேகம் சூழ்ந்த கற்பனை மலையொன்றில் நிலம் பிடித்து, கோட்டை கட்டி, சண்டை போட்டு வாழலாம். விளையாட்டு இன்னும் வெளியாகவில்லை. அழைக்கப்பட்ட சிலர் மட்டும் சோதனைக்காக ஆடிக்கொண்டிருந்தார்கள். பிளாக்செயினில் ஓடுவதுதான் அதன் பெருமை. மற்ற விளையாட்டுகளில் கம்பெனி நினைத்தால் உங்கள் வாளைப் பிடுங்கலாம், உங்களையே வெளியே தள்ளலாம். நீலமுடியில் அது நடக்காது. ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு ரகசியச் சாவி உண்டு. பன்னிரண்டு சொற்கள், வரிசை மாறக்கூடாது. அந்தச் சொற்களைத் தெரிந்தவர் கையில்தான் வீரன் அசைவான். முதலாளியே தலைகீழாக நின்றாலும் அவனை நடத்தவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

இந்த ஏற்பாட்டை எழுதியவன் தினகரன். முத்துராஜின் கல்லூரித் தோழன், தொழிலில் கூட்டாளி. கோத்தகிரி கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. போன மாதம் அவன் காணாமல் போனான். பள்ளத்தாக்கு ஒன்றின் விளிம்பில் அவனுடைய பைக் மட்டும் நின்றது. கீழே இறங்கித் தேடிய போலீஸார் பனியைக் காட்டினார்கள், கரடியைக் காட்டினார்கள், கடைசியில் தவறி விழுந்து இறந்திருப்பான் என்று கையைக் கழுவினார்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள், தினகரனுடைய வீரன் கார்முகில் நீலமுடியில் எழுந்து நடக்க ஆரம்பித்தான்.

முத்துராஜ் பாலாமணியின் அலுவலகத்துக்கு வந்தபோது உட்காரக்கூட இல்லை. நின்றபடியே, வீட்டு வேலைக்காரியிடம் சொல்வதைப் போலச் சொன்னார். செத்தவனுடைய சாவியை எவனோ திருடிவிட்டான், விளையாட்டு வெளியாவதற்குள் அந்தத் திருடன் யாரென்று தெரிந்தாக வேண்டும், அதிகம் கேள்வி கேட்க வேண்டாம் என்றார். பாலாமணிக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. வழக்கு பிடித்திருந்தது. ஒப்புக்கொண்டாள்.

திருடன் ஒரே ஒரு இடத்தில் வழுக்கியிருந்தான். பனி அரக்கனோடு சண்டைக்கு வா என்று வேறொருவர் கூப்பிட்டபோது, கார்முகில் திரையில் எழுதிய பதில் இது: "பீலிக்குப் போயிட்டு வாறேன்." எழுதிவிட்டு வெகுநேரம் நட்ட கம்பம் மாதிரி நின்றான். சோதனைக்காரர்கள் விளையாட்டின் வரைபடம் முழுக்கப் பீலி என்ற ஊரைத் தேடினார்கள். இல்லை. பீலி என்றால் மயிலிறகு, ஏதோ புதையலைக் குறிக்கிறான் என்று முத்துராஜ் முடிவு கட்டினார். மயிலிறகு வாங்கப் போன திருடனை இப்போதுதான் கேள்விப்படுவதாக ஆண்டி சொன்னான்.

பாலாமணிக்கு அந்தச் சொல் பழக்கம். காப்பீட்டு வேலையில் இருந்தபோது எஸ்டேட் பெண் ஒருத்தி, பீலியில் வழுக்கி விழுந்து கால் உடைந்ததாக மனுக் கொடுத்திருந்தாள். மயிலிறகில் யாராவது வழுக்கி விழுவார்களா என்று மேலதிகாரி அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். பாலாமணி நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்குப் பீலி என்றால் தண்ணீர் பிடிக்கும் இடம்.

அப்படியானால் ஆள் அந்தக் குடும்பங்களில் ஒருவர். நீலகிரியில் அவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் கார்முகில் தினமும் நடுப்பகலில்தான் நின்றுபோனான். வீட்டுக்குள் குழாய் இருக்கிறவர்கள் சண்டையை விட்டுவிட்டுத் தண்ணீருக்கு ஓட மாட்டார்கள். பொதுக் குழாய், அதுவும் உச்சிப்பொழுதில் மட்டும் தண்ணீர் திறக்கிற இடம் எது? பஞ்சாயத்தில் தண்ணீர் திறந்துவிடுபவர் முதலில் எரிந்து விழுந்தார். குடிக்கத் தண்ணீர் இல்லையென்று மனுக் கொடுக்க வந்த கூட்டம் என்று நினைத்துவிட்டார். பிறகு இந்த லயத்தின் பெயரைச் சொன்னார்.

இப்போது அந்த லயத்தின் முன்னால் காற்றில்லாத ஜீப்போடு நின்றார்கள்.

கடைசி வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வெளியே வந்தார். கையில் கவாத்துக் கத்தி. செடி வெட்டப் போகிற தோரணை அவரிடம் இல்லை.

"என்னா வேணும்?"

சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது, அடித்துக்கொண்டு போய்விடுகிறோம் என்றாள் பாலாமணி.

"கடைக்காரன் அனுப்பிச்ச ஆளுன்னா நடந்தே போங்க. போன தடவை வந்தவனுக ஜன்னலை ஒடைச்சிட்டுப் போனானுக. இந்தத் தடவை சும்மா விட மாட்டோம்."

எந்தக் கடைக்காரன் என்று அவள் கேட்டதற்கு அவர் கத்தியால் ஜன்னலைக் காட்டினார். பழனியாண்டி அண்ணே, நாங்க பார்த்துக்கிறோம் என்று பக்கத்து வீட்டு ஆள் ஒருவன் குரல் கொடுத்தான். அவன் கையிலும் எதுவோ இருந்தது. காற்றைப் பிடுங்கினால் போகிறவர்களும் போக முடியாதே, இது அவர்களுக்குத் தோன்றவில்லையா என்று ஆண்டி முணுமுணுத்தான். சும்மா இருக்கும்படி பாலாமணி கண்ணைக் காட்டினாள். குழாயில் தண்ணீர் வரும்வரை நிற்க அவளுக்குக் கொஞ்ச நேரம் வேண்டும். அதை லயத்துக்காரர்களே கொடுத்திருந்தார்கள்.

ஆண்டி ஜீப்புக்குப் பின்னால் உட்கார்ந்து செல்போனில் நீலமுடியைத் திறந்தான். பார்வையாளராக உள்ளே போக முத்துராஜ் வழி செய்து கொடுத்திருந்தார். கார்முகில் ஒரு மரப்பாலத்தில் நடந்துகொண்டிருந்தான். வானத்தில் கருடன் பறந்தது.

வரிசையின் நடுவிலிருந்த குழாய் இருமியது. பிறகு தண்ணீர் கொட்டியது. பெண்கள் குடங்களோடு ஓடினார்கள்.

"நின்னுட்டானுங்க்கா," என்றான் ஆண்டி. "பாலத்து நடுவுல. கருடன் கொத்தக் கொத்த நிக்கிறான்."

பாலாமணி நிமிர்ந்து பார்த்தாள். கத்தி வைத்திருந்த பழனியாண்டியின் வீட்டுக் கதவு திறந்து, இளம்பெண் ஒருத்தி நீல நிறக் குடத்தோடு வெளியே வந்தாள்.

அவள் தண்ணீர் பிடித்துத் திரும்பும்வரை காத்திருந்துவிட்டு, பாலாமணி நேராக அவள் பின்னாலேயே வாசலுக்குப் போனாள். பழனியாண்டி குறுக்கே வந்தார். நான்கைந்து ஆண்கள் சுற்றி வளைத்தார்கள். ஒருவன் ஆண்டியின் சட்டையைப் பிடித்தான். பாலாமணி குரலை உயர்த்தவில்லை.

"தினகரனோட சாவி உனக்கு எப்படிக் கெடைச்சுது?"

அந்தப் பெண் திரும்பினாள். முகத்தில் பயமே இல்லை. வெறுப்புதான் இருந்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அவர்களை உள்ளே விடும்படி அப்பாவிடம் சொன்னாள்.

அவள் பெயர் சுமலதா. ஊட்டிக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவள். முத்துராஜின் கம்பெனியில் சில மாதம் சோதனைக்காரியாக வேலை பார்த்தவள். சிறிய அறையில் கட்டிலின் மேல் மடிக்கணினி திறந்திருந்தது. பாலத்தின் நடுவே கார்முகில் நின்றான். அவனுடைய கேடயத்தில் கருடன் நகங்களால் கீறிக்கொண்டிருந்தது. உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

யார் அனுப்பினார்கள் என்று சுமலதா கேட்டாள். கம்பெனி முதலாளி என்றாள் பாலாமணி. திருட்டுச் சாவியை வைத்து இறந்தவனுடைய பாத்திரத்தை நடத்துவது குற்றம் என்றும், உண்மையைச் சொல்லிவிட்டால் நல்லது என்றும் சொன்னாள். பழகிய பேச்சு. பல வீடுகளில் பலித்த பேச்சு.

"நான் ஒண்ணும் திருடல. அவர் எம்புருஷன்."

 ஆண்டி மடிக்கணினித் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான்.

பதிவுத் திருமணம் என்றாள் சுமலதா. இரண்டு வீட்டுக்கும் சொல்லாமல் செய்துகொண்டது. விஷயம் தெரிந்ததும், சிலோன்காரப் பெண்ணா என்று மளிகைக்கடைக் குடும்பம் கொதித்தது. தினகரனின் அண்ணன் ஆட்களோடு வந்து ஜன்னலை உடைத்தான். கம்பெனியில் யாருக்கும் தெரியாது, தெரிவதற்குள் அவள் வேலையை விட்டுவிட்டாள். கார்முகிலை இருவரும் மாறிமாறித்தான் ஆடுவார்கள். சாவியின் சொற்களைத் தினகரன் அவளுக்கு மனப்பாடமாகவே சொல்லிக் கொடுத்திருந்தான். அவன் காணாமல் போனதும் அவள் கோத்தகிரி ஸ்டேஷனுக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் கந்தன் நீ அவனுக்கு யார் என்று கேட்டார். மனைவி என்றாள். இவளை எங்களுக்குத் தெரியவே தெரியாது என்று அவன் குடும்பத்தார் சொன்னார்கள். அவள் வெளியே அனுப்பப்பட்டாள்.

"அதுக்கப்புறந்தான் இவனை நடக்க விட்டேன். யாரு தேடி வாறாங்கன்னு பார்க்க."

முதலில் வந்தது தினகரனின் அம்மா. இவள் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சபதம் செய்திருந்தவர். கார்முகில் நடக்கிறான் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறார். செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் நுழைந்து, கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து தேடியிருக்கிறார். எம்பையன் உள்ளே இருக்கானா என்பதைத் தவிர வேறு எதையும் அவர் கேட்கவில்லை. சுமலதா இல்லையென்று தலையசைத்ததும் அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார்.

"செத்துப்போனான்னு சொன்ன ஆளு நடக்கிறாரு. பெத்தவங்களுக்கு அவர் உசுரோட இருக்காரோன்னு தோணுச்சு. உங்களுக்குத் தோணல. உங்களை அனுப்பிச்ச ஆளுக்கும் தோணல. வந்ததும் வராததுமா சாவி எங்க கெடைச்சுதுன்னு கேக்குறீங்க."

 முத்துராஜ் தன் அலுவலகத்தில் நின்று பேசியதை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தாள் பாலாமணி. தினகரன் பிழைத்திருப்பானோ என்று அவர் ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. உடல் கிடைக்கவில்லை. பைக் மட்டும்தான் கிடைத்தது. கல்லூரிக் காலத்து நண்பன். அவனுடைய வீரன் எழுந்து நடப்பதைப் பார்த்ததும் நண்பனுக்குத் திருடன்தான் ஞாபகம் வந்தான். முத்துராஜ் கொடுத்த கேள்வியை அப்படியே வாங்கிக்கொண்டு, இவளும் இந்த லயம்வரை வந்து திருடனைத் தேடியிருக்கிறாள். தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. 

முத்துராஜுக்கும் தினகரனுக்கும் என்ன தகராறு என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். பழனியாண்டி இன்னும் கத்தியைக் கீழே வைக்கவில்லை. ஆனால் மகள் பேசட்டும் என்று விட்டுவிட்டார். தனக்கு மட்டும் ஒரு ரகசிய வழி வைத்துக் கொடுக்கும்படி முத்துராஜ் கேட்டுக்கொண்டிருந்தாராம். யாராலும் பிடுங்க முடியாது என்று சொல்லி ஆட்களைச் சேர்த்துவிட்டு, பிறகு யாருடைய நிலத்தையும் தான் பிடுங்கிக்கொள்கிற வழி. தினகரன் மறுத்தான். வற்புறுத்தினால் வெளியீட்டுக்கு முன்னாலேயே ஊரறியச் சொல்லிவிடுவேன் என்றான். அந்த வாரமே காணாமல் போனான். ஸ்டேஷனில் இதையும் அவள் சொல்லியிருக்கிறாள். பொம்மைச் சண்டைக்காக ஆளைக் கொல்வார்களா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

பாலாமணி செல்போனை எடுத்தாள். பேச்சைப் பதிவு செய்யும்படி ஆண்டிக்குக் காட்டிவிட்டு, ஒலிபெருக்கியைப் போட்டாள். அறையில் ஒருவரும் அசையக்கூடாது என்றாள்.

முத்துராஜ் எடுத்த எடுப்பிலேயே, திருடன் கிடைத்தானா என்றார்.

"திருட்டே நடக்கலீங்க," என்றாள் பாலாமணி. "வீரனை நடத்துறது தினகரன்தான். நானே பார்த்தேன். மேலெல்லாம் அடி, பேச்சு வரல. நாளைக்கு ஸ்டேஷன்ல வந்து எல்லாத்தையும் சொல்றேன்னு சைகை காட்டுறாரு."

 சுமலதா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படி வெளிய வந்தான்?" என்றார் முத்துராஜ்.

தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி பாலாமணி இணைப்பைத் துண்டித்தாள்.  ஆண்டி மெதுவாகச் சொன்னான்.

"பள்ளத்துல விழுந்தவன் மேலதானுங்க்கா ஏறி வருவான்."

"ஆமா. வெளிய வரணும்னா, எதுக்குள்ளயோ இருக்கணும்."

அந்த இடம் முத்துராஜுக்கு மட்டும்தான் தெரியும். இனி அவரால் சும்மா இருக்க முடியாது, போய்ப் பார்த்தே தீருவார் என்றாள் பாலாமணி. சுமலதாவின் முகம் வெளுத்திருந்தது. கோத்தகிரி சாலையில் மூடிக்கிடந்த தேயிலை ஃபாக்டரி ஒன்றைக் கம்பெனி எடுத்திருப்பதாகவும், கம்ப்யூட்டர்களை வைக்க அதைச் சீர் செய்யும் வேலையைத் தினகரன்தான் பார்த்துவந்தான் என்றும் சொன்னாள். பழனியாண்டி வெளியே போய் ஒரு சத்தம் போட்டார். காற்றைப் பிடுங்கியவர்களே பம்பைக் கொண்டுவந்து அடித்துக் கொடுத்தார்கள். மன்னிப்பெல்லாம் யாரும் கேட்கவில்லை. சீக்கிரம் போங்க என்று மட்டும் ஒருவன் சொன்னான்.

இன்ஸ்பெக்டர் கந்தன் போனில் திட்டினார். கேஸ் முடிந்துவிட்டது, சொந்தமாகக் கதை கட்டுகிற பொம்பளைகளுக்கெல்லாம் ஜீப் எடுக்க முடியாது என்றார். பதிவு செய்ததை ஆண்டி போட்டுக் காட்டினான். முழுதாகக் கேட்ட பிறகும் அவர் நம்பவில்லை. உன் மூக்கு உடைவதைப் பார்ப்பதற்காகவே வருகிறேன் என்று சொல்லிவிட்டு, இரண்டு கான்ஸ்டபிள்களோடு வந்தார்.

ஃபாக்டரிக்குப் பிரியும் பாதையிலிருந்து கொஞ்சம் தள்ளி, டீக்கடைக்குப் பின்னால் இரண்டு வண்டிகளையும் மறைத்து நிறுத்தினார்கள். வர வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் சுமலதா கேட்கவில்லை, ஜீப்பில் ஏறிக்கொண்டாள். பிற்பகல் பனி சரிவிலிருந்து ஏறி வந்து சாலையை மூடியது. இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் பாலாமணியைப் பார்ப்பதுமாக இருந்தார்.

மஞ்சள் விளக்குகள் பனியைக் கிழித்துக்கொண்டு வந்தன. முத்துராஜின் கார். டீக்கடையைத் தாண்டியதும் வேகம் குறையாமல் ஃபாக்டரிப் பாதையில் திரும்பியது.

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஃபாக்டரியின் தகரச் சுவர்கள் துருப்பிடித்து, உள்ளே பழைய தேயிலைத் தூளின் வாசனை இன்னும் போகாமல் இருந்தது. பின்புறத்தில் ஏதோ உராயும் சத்தம் கேட்டது. ஓசைப்படாமல் சுற்றிக்கொண்டு போனார்கள். தரைக்குள் இறக்கிக் கட்டிய பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்று அங்கே இருந்தது. அதன் வாயை மூடியிருந்த தகரத்தையும் மேலே அடுக்கிய கற்களையும் முத்துராஜ் தள்ளிவிட்டிருந்தார். முட்டி போட்டு, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்து, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்த்தபின் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பாலாமணி கண்ணால் கண்டாள். பல வருடம் மனிதர்களின் பொய்களைப் பார்த்தவள் அவள். இப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

"உள்ளதான இருக்கான்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

முத்துராஜ் துள்ளி எழுந்து ஓடப் பார்த்தார். ஆண்டி காலை நீட்டினான். விழுந்தவரைக் கான்ஸ்டபிள்கள் தூக்கி நிறுத்தினார்கள். முதலில் தானும் இப்போதுதான் வந்து பார்த்ததாகச் சொன்னார். பிறகு தினகரனே கால் தவறி விழுந்ததாகச் சொன்னார். இங்கே கிடப்பது தெரிந்தும் பைக்கைப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய் நிறுத்தியது யார் என்று பாலாமணி கேட்டாள். அவர் அவளை முறைத்தார்.

"உனக்குப் பணம் குடுத்தது நானு."

"திருடனைத்தானுங்க தேடச் சொன்னீங்க," என்றான் ஆண்டி. "கூட இதுவும் சேர்ந்து வந்துருச்சு."

இன்ஸ்பெக்டர் தொட்டிக்குள் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். தொப்பியைக் கழற்றினார். சுமலதாவின் பக்கம் திரும்பி, கிட்டே வர வேண்டாம்மா என்றார். ஸ்டேஷனில் வைத்து அவளை அப்படி அவர் அழைத்ததில்லை.

அவள் தொட்டியின் அருகே போகவில்லை. முத்துராஜின் எதிரில் போய் நின்றாள். வேலை பார்த்த காலத்தில் அவரைச் சார் என்று கூப்பிட்டவள்.

"உள்ள விழுந்தப்போ அவருக்கு உசுரு இருந்துச்சா?"

 கான்ஸ்டபிள் முத்துராஜின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"இருந்துச்சு."

"என்னா சொன்னாரு?"

முத்துராஜ் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"கண்ணாடி எங்கயோ விழுந்துருச்சு, ஒண்ணும் தெரியல, டார்ச் அடிடான்னான்."

"அடிச்சியா?"

அவருடைய கையில் செல்போன் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. முத்துராஜ் அதை அணைத்தார்.